சிவகாசி வெடிச் சத்தத்திற்கு எம்.பி.3 தாங்குமா? தரம் குறையாமல் ஆடியோ பைல்களை மாற்றும் வழிகள்

கம்ப்யூட்டர் வாங்கிய சில நாட்களில் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அலமாரியில் கிடக்கும் பழைய கேசட்டையெல்லாம் இதில் ஏற்ற முடியுமா?" தாராளமாக முடியும். விருதுநகர் பங்குனிப் பொங்கலில் பதிந்த நாதஸ்வரம், இருக்கன்குடி ஆடித் திருவிழாவில் எடுத்த உறுமி மேளம், ஊர்க் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு, வெளிநாட்டில் இருந்தபோது அப்பா பேசி அனுப்பிய கேசட் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும். இவை எந்தக் கடையிலும் கிடைக்காதவை. வேறு யாரிடமும் இன்னொரு பிரதி இருக்காது.

இவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது பலர், இடம் மிச்சம் என்று நேராக எம்.பி.3 பைலாகப் பதிந்துகொண்டு, கேசட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த எம்.பி.3 வேறு பார்மட்டிற்கு மாறும். அதிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். ஒவ்வொரு முறையும் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவர எந்த சாப்ட்வேரும் இல்லை. எந்த மாற்றத்தில் ஒலி குறையும், எதில் குறையாது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒலி எப்படி எண்ணாகிறது?

மைக்கில் வரும் ஒலி அலையைக் கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. 1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சிடியில் இந்த அளவு விநாடிக்கு 44,100 முறை. ஒவ்வொரு அளவும் 16 பிட் எண். இடது, வலது என இரு சேனல்களுக்கும் சேர்த்தால் ஒரு நிமிடத்திற்குச் சுமார் 10 எம்.பி. ஆகிவிடும். இந்த எண்களை அப்படியே வரிசையாக எழுதி வைப்பதுதான் வேவ் பார்மட். மைக்ரோசாப்ட்டும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 1991-ல் இதை அறிமுகப்படுத்தின.

பைல் பெரிதாக இருப்பதால் அதைச் சுருக்குகிறோம். சுருக்குவதில் இரண்டு வழிகள் உண்டு. இங்கேதான் வித்தியாசமே இருக்கிறது.

முதல் வழி: ஆயிரம் வாலா சரவெடியைச் சுருட்டிப் பெட்டியில் வைப்பது போன்றது. இடம் குறைகிறது. பிரித்து நீட்டினால் ஆயிரம் வெடியும் அப்படியே இருக்கும். இதை இழப்பில்லாச் சுருக்கம் எனலாம். எப்.எல்.ஏ.சி. எனப்படும் பிளாக் பார்மட் இந்த வகை. ஜோஷ் கோல்சன் என்பவர் 2000-ல் இந்த வேலையைத் தொடங்கி, 2001-ல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். முந்தைய எண்களை வைத்து அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று இது ஊகிக்கிறது. ஊகத்திற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. வித்தியாசம் சிறிய எண் என்பதால் இடம் குறைவாகப் போதும். திரும்பக் கூட்டினால் பழைய எண்கள் ஒன்றுகூட மாறாமல் கிடைத்துவிடும். ஆப்பிள் நிறுவனம் 2004-ல் கொண்டுவந்த ஏ.எல்.ஏ.சி.யும் இதே வகைதான்.

இரண்டாம் வழி: ஆயிரத்தில் ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தூக்கி எறிவது. எதை எறிந்தால் காது கவனிக்காதோ அதைப் பார்த்து எறிவதில்தான் சாமர்த்தியம். எம்.பி.3, ஏ.ஏ.சி., டபிள்யூ.எம்.ஏ., ஓஜிஜி, ஓபஸ், பழைய செல்போன்களில் இருந்த ஏ.எம்.ஆர். ஆகிய எல்லாம் இந்த வகை. எம்.பி.3-ஐ உருவாக்கியதில் பெரும்பங்கு ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்திற்கு உண்டு. எம்.பி.3 என்ற துணைப்பெயரை அவர்கள் முடிவு செய்தது 1995 ஜூலையில்.

ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலிக்கு எவ்வளவு இடம் ஆகும் என்று பாருங்கள்:

வேவ்: சுமார் 635 எம்.பி.
பிளாக்: பெரும்பாலும் இதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை
எம்.பி.3, 320 கே.பி.பி.எஸ்.: சுமார் 144 எம்.பி.
எம்.பி.3, 128 கே.பி.பி.எஸ்.: சுமார் 58 எம்.பி.

ஹார்ட் டிஸ்க் 40 ஜி.பி. இருந்தாலே பெரிது என்ற காலத்தில் 58 எம்.பி. என்பது பெரிய உதவியாக இருந்தது. இன்று நூறு கேசட்டுகளை பிளாக் பார்மட்டில் வைத்தாலும், ஒன்று ஒரு மணி நேரம் என்று கொண்டால், ஒரு 64 ஜி.பி. பென் டிரைவில் அடங்கிவிடும். இடத்திற்குப் பயந்து ஒலியைத் தூக்கி எறிய வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

வெடிச் சத்தம் ஏன் எம்.பி.3-க்குச் சோதனை?

எம்.பி.3 சாப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சோதிக்க எடுத்துக்கொள்ளும் ஒலிகளில் ஒன்று, ஸ்பெயின் நாட்டு நடனத்தில் விரல்களில் மாட்டித் தட்டும் காஸ்டனெட் என்ற மரச் சிப்பி. நம் ஊரில் அதைவிடக் கடினமான சோதனை தெருவிலேயே கிடைக்கிறது: வெடிச் சத்தம். ஓர் அமைதி, உடனே ஓர் அடி. பறை, உறுமி, தவில் ஆகியவற்றின் அடியும் இதே ஜாதிதான்.

காரணம் இதுதான். எம்.பி.3 ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டாகச் சுருக்குகிறது. சிடி தரத்தில் ஒரு பிரேம் என்பது 1,152 அளவுகள். அதாவது ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு அளவு நேரம். சுருக்கும்போது ஏற்படும் பிழை, "ஸ்ஸ்" என்ற மெல்லிய இரைச்சலாக அந்தத் துண்டு முழுவதும் பரவும். துண்டின் பின்பாதியில் வெடி இருந்தால், முன்பாதியில் இருக்க வேண்டிய அமைதியிலும் இந்த இரைச்சல் ஏறிவிடும். வெடிக்கு முன்பே அதன் நிழல் போல ஒரு சத்தம். இதை முன் எதிரொலி என்பார்கள்.

வெடிக்குப் பின்னால் வரும் இரைச்சல் நமக்குக் கேட்பதில்லை. பெரிய சத்தம் கேட்டபின் சிறிது நேரம் காது சின்னச் சத்தங்களைக் கவனிக்காது என்பது சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வெடிக்கு முன்னால் இந்த மறைப்பு மிகச் சில மில்லி விநாடிகள்தான். எனவே அங்கே இரைச்சல் வெளியே தெரிந்துவிடும். நல்ல எம்.பி.3 என்கோடர்கள் இப்படிப்பட்ட இடங்களில் துண்டின் நீளத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்துச் சமாளிக்கின்றன. இருந்தாலும் குறைந்த பிட் ரேட்டில் அடியின் கூர்மை மழுங்கி, "டப்" என்பது "ஃப்தப்" போல ஆகிவிடும். நாதஸ்வரம் நன்றாகவே கேட்கும். கூட வரும் தவிலில்தான் வித்தியாசம் தெரியும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம்

இதற்கு வெடி வாங்க வேண்டாம். ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். 2000-ம் ஆண்டு முதல் கிடைக்கும் நம்பகமான ஆடியோ எடிட்டர் இது.

1. ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும். அமைதிக்கு நடுவே "டிக், டிக்" என்ற ஒலி உருவாகும்.
2. பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ சென்று முதலில் வேவ் பைலாகவும், மீண்டும் 64 கே.பி.பி.எஸ். எம்.பி.3 பைலாகவும் சேவ் செய்திடவும்.
3. புதிய விண்டோ ஒன்றைத் திறந்து, இரண்டு பைல்களையும் இம்போர்ட் செய்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கவும்.
4. ஒரு "டிக்" தொடங்கும் இடத்தை நன்றாக ஜூம் செய்து பார்க்கவும்.

வேவ் பைலில் அடிக்கு முன்னால் கோடு நேராக இருக்கும். எம்.பி.3-ல் அடி விழும் முன்பே கோட்டில் சிறு அலைகள் தெரியும். அந்த அலைகள் மூலத்தில் இல்லாதவை, சுருக்கியதால் வந்தவை.

இப்போது இந்த எம்.பி.3-ஐத் திரும்பவும் வேவ் ஆக மாற்றிப் பாருங்கள். பைல் பெரிதாகும், அலைகள் போகாது. சிலர் "எம்.பி.3-ஐ வேவ் ஆக மாற்றினேன், தரம் கூடிவிட்டது" என்பார்கள். கூடியது பைலின் அளவு மட்டும்தான்.

சிவகாசி அச்சகம் சொல்லும் பாடம்

சிவகாசியில் காலண்டர் அச்சிடும் ஆப்செட் அச்சகத்தில் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள்: அச்சான காலண்டரை ஸ்கேன் செய்து, அதிலிருந்து மறுபடி காலண்டர் அச்சிடக் கூடாது. முதல் அச்சின் புள்ளிகளும் இரண்டாம் அச்சின் புள்ளிகளும் மோதி, படத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். எத்தனை வருடம் கழித்து ஆர்டர் வந்தாலும் மூல டிசைனிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் மூலத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

ஆடியோவுக்கும் இதேதான். எம்.பி.3 என்பது அச்சான காலண்டர். பிளாக் அல்லது வேவ் என்பது மூல டிசைன். இதை மனதில் வைத்தால் கீழே உள்ள விதிகள் தாமாகவே புரியும்.

வேவிலிருந்து பிளாக், பிளாக்கிலிருந்து வேவ்: எத்தனை முறை மாற்றினாலும் இழப்பில்லை.
வேவ் அல்லது பிளாக்கிலிருந்து எம்.பி.3: ஒருமுறை இழப்பு. மூலம் கையில் இருப்பதால் கவலையில்லை.
எம்.பி.3-லிருந்து ஏ.ஏ.சி., டபிள்யூ.எம்.ஏ., ஓஜிஜி: இழப்பின் மேல் இழப்பு. தவிர்க்க வேண்டும்.
128 கே.பி.பி.எஸ். எம்.பி.3-லிருந்து 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3: தரம் கூடாது, இன்னும் கொஞ்சம் குறையும். இடமும் வீண்.
எம்.பி.3-லிருந்து பிளாக்: மேலும் இழப்பு இல்லை; ஆனால் போனது வராது. பார்ப்பவர் இதை மூலம் என்று நம்பிவிடும் ஆபத்தும் உண்டு.

கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

மாற்றத்தில் தரத்தைக் காப்பதைவிட, முதலில் பதியும்போது காப்பது முக்கியம். பதிவில் கோட்டைவிட்டால் எந்த பார்மட்டும் உதவாது.

கேசட்டைப் போடும் முன், பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடவும். நெடுநாள் ஓடாத கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளவும். பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து, அது இல்லையென்றால் ஹெட்போன் அவுட்டிலிருந்து, ஸ்டீரியோ வயர் மூலம் கம்ப்யூட்டரின் நீல நிற லைன் இன் ஜாக்கில் இணைக்கவும். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன் இன் இருக்காது. அதற்கு யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் வாங்க வேண்டும். வாங்கும்போது "ஸ்டீரியோ லைன் இன்" உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மைக் மட்டும் உள்ள அடாப்டர்கள் பல ஒரு சேனலைத்தான் எடுக்கும். ஸ்பீக்கருக்கு எதிரே செல்போனை வைத்துப் பதிவது வேண்டவே வேண்டாம்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் சென்று, நீங்கள் பயன்படுத்தும் இன்புட்டைக் கிளிக் செய்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆப் செய்திடவும். இல்லையெனில் பேச்சுக்கு நடுவே வரும் இசையை இரைச்சல் என்று நினைத்து விண்டோஸ் வெட்டிவிடக்கூடும்.

ஆடாசிட்டியில் 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று அமைத்துக்கொண்டு, கேசட்டில் சத்தம் அதிகமான பகுதியை முதலில் ஓட்டிப் பாருங்கள். மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் அளவைக் குறைத்து வைக்கவும். மீட்டர் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் அலையின் தலை சீவப்படும். சீவப்பட்டதும் திரும்ப வராது.

நேரடியாக வெடி, மேளம் பதிபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெடிகள் வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-ல் விதி வந்தது. அந்த எல்லைக்குள் இருக்கும் வெடியே அருகில் வைத்த செல்போன் மைக்கைத் திணறடித்துவிடும். நன்றாகத் தள்ளி நின்று, அளவைக் குறைத்துப் பதிவதே பாதுகாப்பு, மைக்கிற்கும் உங்களுக்கும்.

பதிந்து முடித்ததும் எக்ஸ்போர்ட் ஆடியோ சென்று பிளாக், 16 பிட் என்று தேர்ந்தெடுத்து சேவ் செய்திடவும். கேசட்டிற்கு 16 பிட் தாராளமாகப் போதும். வேவ் ஆகவும் வைக்கலாம். ஆனால் பிளாக் பைலில் பாடியவர், ஊர், தேதி ஆகியவற்றை யூனிகோட் தமிழிலேயே எழுதி வைக்கலாம் என்பது ஒரு வசதி. இரைச்சலை நீக்குவது, சத்தத்தைக் கூட்டுவது போன்ற வேலைகளை இந்த மூலத்தில் செய்யாதீர்கள். ஒரு காப்பி எடுத்து அதில் செய்திடுங்கள்.

மொத்தமாக மாற்றுவதற்கு ஒரு புரோகிராம்

ஏற்கெனவே உள்ள பைல்களைக் கூட்டமாக மாற்ற பிரியாக் என்ற இலவச புரோகிராம் நல்லது. தேடும்போது ஆங்கிலத்தில் எப், ஆர், இ என்று எழுதி, ஒரு கோலன் இட்டு, ஏ, சி என்று எழுத வேண்டும். இதில் பைல்களை இழுத்துப் போட்டு, ஆப்ஷன்ஸ் மெனுவில் ஜெனரல் செட்டிங்ஸ் சென்று, எந்த என்கோடர் என்று தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட் என்கோடிங் கிளிக் செய்தால் போதும். ஆடியோ சிடியிலிருந்தும் பிளாக் ஆக எடுத்துக்கொள்ளலாம்.

வெறும் பார்மட் மாற்றத்திற்கு ஆடாசிட்டியைவிட இதுவே சிறந்தது. ஆடாசிட்டி ஓர் எடிட்டர் என்பதால், 16 பிட்டாக எழுதும்போது டிதர் என்ற மிக மெல்லிய இரைச்சலை வழக்கமாகச் சேர்க்கும். காதுக்குத் தெரியாது என்றாலும், எண்கள் அப்படியே இருக்காது.

மாற்றம் இழப்பில்லாமல் நடந்ததா என்று சரிபார்க்கவும் வழி உண்டு. மூல வேவ், பிரியாக்கில் மாற்றிய பிளாக் இரண்டையும் ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து எபெக்ட் மெனுவில் இன்வர்ட் கொடுக்கவும். அலை தலைகீழாகும். பிறகு இரண்டையும் தேர்ந்தெடுத்து டிராக்ஸ் மெனுவில் மிக்ஸ் அண்ட் ரெண்டர் கொடுத்தால், ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நேர்கோடு மட்டும் மிஞ்சும். ஒரு புள்ளி கூட நகரவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இணையத்திலேயே பைலை ஏற்றி மாற்றித்தரும் தளங்கள் நிறைய உண்டு. வீட்டுக் குரல்களை முகம் தெரியாத சர்வருக்கு ஏன் அனுப்ப வேண்டும்? உங்கள் கம்ப்யூட்டரே இந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

மாற்றாமலே வேலையை முடிக்கலாம்

உங்களிடம் எம்.பி.3 மட்டுமே இருக்கிறதா? அதுதான் இப்போது மூலம். அதை அப்படியே வைத்திருங்கள். பல நேரங்களில் மாற்றம் தேவையே இல்லை.

பாட்டின் நடுவில் ஒரு பகுதியை மட்டும் வெட்ட வேண்டும் என்றால், எம்பி3டைரக்ட்கட் என்ற சிறிய புரோகிராம் எம்.பி.3-ஐப் பிரித்துச் சுருக்காமல் பிரேம் பிரேமாகவே வெட்டித் தரும். தரம் துளியும் குறையாது.

கல்யாண வீடியோவிலிருந்து நாதஸ்வரத்தை மட்டும் எடுக்க வேண்டுமா? எம்.பி.4 வீடியோவில் ஒலி பெரும்பாலும் ஏ.ஏ.சி. ஆக இருக்கும். அதை எம்.பி.3-க்கு மாற்றாதீர்கள். அவிடெமக்ஸ் புரோகிராமில் வீடியோவைத் திறந்து, ஆடியோ அவுட்புட்டில் காப்பி என்று வைத்து, ஆடியோவை மட்டும் சேவ் செய்தால் உள்ளே இருந்த ஒலியே வெளியே வரும்.

வாட்ஸ்அப்பில் பைலை அனுப்பும்போது டாக்குமெண்ட் ஆக இணைத்து அனுப்புங்கள். ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பினால், அது பேச்சிற்காகச் சுருக்கப்பட்ட ஓபஸ் ஒலியாகப் போகும்.

எம்.பி.3 எப்போது வேண்டும்?

எம்.பி.3 மோசமானது என்று நினைத்துவிட வேண்டாம். கார் ஸ்டீரியோ, பழைய யு.எஸ்.பி. பிளேயர், மைக் செட்காரரின் ஆம்ப்ளிபயர் ஆகிய எதில் செருகினாலும் பாடும் பார்மட் இதுதான். 2017-ல் இதற்கான லைசென்ஸ் திட்டத்தை பிரான்ஹோபர் நிறுத்தியதால் காப்புரிமைத் தொல்லையும் இல்லை. மூல பிளாக்கிலிருந்து லேம் என்கோடர் மூலம் 256 அல்லது 320 கே.பி.பி.எஸ்.-ல் எடுத்துக்கொடுங்கள். கொடுத்தது கெட்டால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். மூலம்தான் உங்களிடம் இருக்கிறதே.

மற்றவரிடமிருந்து வாங்கும் பிளாக் பைல் உண்மையானதா என்று சந்தேகம் வந்தால், ஆடாசிட்டியில் திறந்து, டிராக்கின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். புதிய ஒலிப்பதிவு ஒன்றில் 16 அல்லது 17 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியது போல எல்லாம் நின்றிருந்தால், அது எம்.பி.3-லிருந்து மாற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கேசட், பழைய இசைத்தட்டுப் பதிவுகளில் உயர் ஒலிகள் முதலிலேயே குறைவு என்பதால் அவற்றிற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

முடித்தபின் செய்ய வேண்டியவை

மூல பிளாக் பைல்களைத் தனி போல்டரில் வைத்து, ஊர், நிகழ்ச்சி, வருடம் தெரியும்படி பெயர் கொடுங்கள். அந்த போல்டரின் இன்னொரு காப்பியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். குரலில் இருப்பவர் யார், எந்த ஊர்க் கொடை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேசட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரமும் வெயிலும் படாத, ஸ்பீக்கர் போன்ற காந்தப் பொருட்கள் அருகில் இல்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். நாளை இதைவிட நல்ல பிளேயர் கிடைத்தால், அப்பாவின் குரலை இன்னும் தெளிவாக ஒருமுறை பதிந்துகொள்ளலாம்.